காற்றுக்குழாய்

கடலில் முதன்முதலாகக் கால் வைத்தபோது
எனக்கு வயது இருபத்தேழு.
கொடைக்கானலில் இருந்து ராமேஸ்வரம்
ஒரு ராத்திரி பஸ்தான்.
போகவில்லை.
போனது பூசான். ஹேஉண்டே கடற்கரை.
ஆகஸ்ட் முதல் ஞாயிறு.

குடைகள், குடைகள்.
ஒரே உயரம், ஒரே இடைவெளி,
பூம்பாறையில் பூண்டு நட்ட பாத்தி மாதிரி.
வாடகை எவ்வளவென்று விரலால் கேட்டேன்
விரலால் சொன்னார்கள்.
என் இரண்டு நாள் சாப்பாடு.
இரண்டு குடைகளுக்கு நடுவே
யாரும் காசு கொடுக்காத நிழல் ஒன்று கிடந்தது.
அது நகர நகர நானும் நகர்ந்தேன்.

சுடிதாரோடு தண்ணீரில் இறங்குவதா என்று
அரைமணி நேரம் கூசியது வீண்.
அங்கே கழுத்துவரை மூடிக்கொண்டுதான்
எல்லோரும் குளிக்கிறார்கள்.
மஞ்சள் டியூபுக்குள் ஒருவர்
தூங்கியபடி மிதந்தார்.
என்னை யாரும் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட சிரமம்
எனக்குத் தெரிந்தது.

ஒரு குழந்தை மட்டும் வந்து
மூக்குத்தியைத் தொட்டது.
அதன் அம்மா குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.
நானும் குனிந்தேன். அவள் மறுபடி.
எப்போது நிறுத்துவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.

ஆறு மணிக்கு விசில்.
கடலை மூடிவிட்டார்கள்.
வெளியேறும் வழியில் ஒரு காற்றுக்குழாய்;
கால் மணலை ஊதிவிட்டுத்தான் தெருவுக்குப் போகலாம்.
என் முறை வந்தபோது
பஞ்சர் கடை ஞாபகம் வந்து
தனியாகச் சிரித்தேன்.
அன்றைக்கு நான் வாயைத் திறந்தது
அந்த ஒரு தடவைதான்.

இப்போது மே மாதம். ஏரிக்கரை.
மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறேன்.
"மேடம், குதிரை? மேடம் எந்த ஊரு, பெங்களூரா?"
"நாயுடுபுரம்."
சொல்ல இஷ்டமில்லாவிட்டால் விடுங்கள் என்பதுபோல
குதிரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விருதுநகர் வேன் நின்ற இடத்தில் கூட்டம்.
நடுவில் ஒரு கொரியப் பெண், பதினாறு இருக்கும்,
சைக்கிளைப் பிடித்தபடி.
"சிஸ்டர், ஒரே ஒரு போட்டோ."
நான்காவது குடும்பம் அது.
யாரோ கைக்குழந்தையையும் கொடுத்துவிட்டார்கள்.
குழந்தை அழ, அவளும் பல்லைக் காட்டி நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.
துருப்பிடித்த என் கொரிய மொழியில்
"பரவாயில்லையா உனக்கு?" என்றேன்.
அவள் குழந்தையை உரியவர்களிடம் நீட்டிவிட்டு,
"அக்கா, செயின் கழண்டுருச்சு.
அதான் ஓட முடியல" என்றாள்.

பெயர் ஹாரின்.
பிறந்தது வான் ஆலன் ஆஸ்பத்திரி.
அப்பாவுக்கு அப்சர்வேட்டரி ரோட்டில் ரொட்டிக்கடை.
"உங்க கொரியன் நல்லாருக்கு, செய்தி வாசிக்கிற மாதிரி.
எனக்கு எழுதினா அப்பா திருத்துவாரு."
ஹேஉண்டே என்றதும் நடையை நிறுத்தினாள்.
"நான் பார்த்ததே இல்லக்கா.
ரெண்டு தடவை அங்க போனோம். ரெண்டும் துக்க வீடு.
கடலுக்கு யார் கூட்டிட்டுப் போவா?"
பிறகு, கொஞ்சம் கூச்சமாக:
"எப்டி இருக்கும்?"

எப்படிச் சொல்ல.
குடை எண்ணிக்கை சொன்னேன். விசில் சொன்னேன்.
உப்பு மூக்கில் ஏறுவதைச் சொன்னேன்.
கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும்போது
கீழே பள்ளத்தாக்கை மேகம் மூடுமே, அது
நம்மை நோக்கி வந்து காலில் இடித்தால் எப்படி,
என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் விட்டேன்.

சவரிமுத்து கடையில் செயினை மாட்டி
சக்கரத்துக்குக் காற்றடித்தார்.
"அண்ணே, அந்தக் குழாயக் கொஞ்சம் குடுங்க."
அவள் ஷூவின் மேல் பிடித்தேன்.
குதிரைச் சாணித் தூளும் யூகலிப்டஸ் சருகும்
புஸ்ஸென்று பறந்தன.
"இப்படித்தான் ஊதி அனுப்புவாங்க."
கூச்சம் தாங்காமல் துள்ளினாள்.
மற்ற காலையும் தானே நீட்டினாள்.

விருதுநகர்க்காரர்கள் பின்னாலேயே வந்திருந்தார்கள்.
அந்த வீட்டுப் பெரிய பையன்
செருப்பைக் கழற்றி வரிசையில் நின்றான்.
"இது எவ்வளவுங்க?" என்றார் அவன் அப்பா.

சவரிமுத்து என்னைப் பார்த்தார்,
ஹாரினைப் பார்த்தார்.
"காலுக்கு அஞ்சு ரூவா."